விட்டு விட்டுப் போகும் கோடு: ஒரு வட்டாரத்தின் பாறைகளைப் படமாக்குவதும், அதை ஊருக்குச் சொல்வதும்

நிலவியல் படம் ஒன்றை மேசைமேல் விரித்தால் எல்லோருடைய கண்ணும் நிறத்துக்குத்தான் போகும். பச்சை, நீலம், ஊதா, வெளிர்மஞ்சள் என்று பார்க்கவே அழகாக இருக்கும். நிறம் இருக்கட்டும், முதலில் கோட்டைப் பாருங்கள் என்று நான் சொல்வேன். இரண்டு நிறங்கள், அதாவது இரண்டு வகைப் பாறைகள், சந்திக்கும் இடத்தில் ஒரு மெல்லிய கருப்புக் கோடு ஓடும். சில இடத்தில் அது முழுக்கோடு. கொஞ்ச தூரம் போனதும் விட்டு விட்டுப் போகும். ஆற்று வண்டல் மூடிய பள்ளத்தாக்கில் வெறும் புள்ளிகளாகிவிடும்.

முழுக்கோடு என்றால், வரைந்தவர் அந்த எல்லையைக் கண்ணால் பார்த்திருக்கிறார். விட்டு விட்டுப் போனால், எல்லை இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது, சரியான இடம் பிடிபடவில்லை. புள்ளிகள் என்றால், மேலே மண் மூடியிருக்கிறது, அடியில் இப்படித்தான் போகவேண்டும் என்று அவர் கணிக்கிறார். தெரிந்தது எது, ஊகித்தது எது என்பதைப் படமே வாய்விட்டுச் சொல்கிறது.

ஒரு வட்டார நிலவியல் ஆய்வுத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். முதல் பாதி களத்தில். அடுத்த பாதி மக்கள் கல்விப் பிரிவில். நான் வரைந்த முதல் படத்தில், ஒரு பள்ளத்தாக்கின் குறுக்கே, நாலு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு புள்ளிக்கோடு உண்டு. அந்த நாலு சென்டிமீட்டரை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிற மாணவர்களுக்கும், தங்கள் பகுதியின் பாறைகளைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்ல நினைக்கும் ஆசிரியர்களுக்கும் நான் சொல்லிக்கொடுக்கிற முறையை இங்கே எழுதிவைக்கிறேன்.

புறப்படும் முன்

முதல் நாளே மலையேற வேண்டாம். அந்தப் பகுதியைப் பற்றி ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தேடுங்கள். பழைய நிலவியல் படம், பழைய அறிக்கை, ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் எழுதிவைத்த மீட்டர் கணக்கு, செயற்கைக்கோள் படம், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் உயரக்கோடுகள் போட்ட டோப்போ ஷீட். எழுபது வருஷத்துக்கு முன்னால் ஒருவர் எழுதிய ஒரு வரி உங்களுக்கு ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும். அவர் பார்த்த குவாரி இப்போது குளமாகிப் போயிருக்கலாம். அந்தப் பாறையைப் பார்த்த கடைசிக் கண் அவருடையதாகக்கூட இருக்கும்.

அடுத்து அளவைத் தீர்மானியுங்கள். 1:50,000 படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். அரை மில்லிமீட்டர் பருமனுள்ள பென்சில் கோடு 25 மீட்டர் நிலத்தை விழுங்கிவிடும். அதனால் களத்தில் 1:25,000 அல்லது அதைவிடப் பெரிய தாளில் வேலை செய்துவிட்டு, அச்சுக்குச் சிறிதாக்குவதுதான் நல்லது. சிறிய தாளில் வரைந்ததைப் பெரிதாக்கினால் படம்தான் பெரிதாகும், துல்லியம் அப்படியேதான் இருக்கும்.

பிறகு நடைபாதையைத் திட்டமிடுங்கள். பாறை வெளியே தெரியும் இடங்கள் ஓடைப் படுகை, சாலைக்கு வெட்டிய சரிவு, குவாரி, மலை முகடு, புதிதாகத் தோண்டிய கிணறு. அடுக்குகள் ஓடும் திசைக்குக் குறுக்காக நடந்தால் ஒரு நாளில் பத்து அடுக்கைக் கடக்கலாம். அவற்றின் கூடவே நடந்தால் நாள் முழுக்க ஒரே பாறைதான். எல்லை ஒன்றைப் பிடித்துவிட்டால் மட்டும் அதன் கூடவே நடந்து போங்கள்.

பையில் சுத்தியல், பத்து மடங்கு கைலென்ஸ், சாய்வளக்கும் கிளைனோமீட்டர் சேர்ந்த காம்பஸ், பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சின்னச் சொட்டுக் குப்பியில், எஃகுக் கத்தி, பாதுகாப்புக் கண்ணாடி, தலைக்கவசம், மாதிரிப் பைகள், அழியாத மார்க்கர், தடித்த அட்டை போட்ட குறிப்பேடு, பென்சில். பேனா வேண்டாம், ஒரு மழை போதும். நிலத்துக்காரரிடம் கேட்காமல் உள்ளே போகாதீர்கள். குவாரிச் சுவருக்கு அடியில் தனியாக நிற்கவே நிற்காதீர்கள்.

பாறை முன்னால்

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பாறையைக் கண்டதும் சுத்தியலை எடுப்பவர்கள்தான் அதிகம். ஐந்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நில்லுங்கள். மொத்தப் பாறையும் ஒரே நிறமா, பட்டை பட்டையாக இருக்கிறதா, பட்டைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன, எங்கேயாவது முறிந்து தள்ளிப் போயிருக்கின்றனவா? பார்த்ததைக் குறிப்பேட்டில் வரையுங்கள். ஓவியம் வராது என்பவர்களும் வரையத்தான் வேண்டும். ஒளிப்படம் எல்லாவற்றையும் ஒன்றுபோலக் காட்டும். வரையும்போதுதான் இந்தப் பட்டை எங்கே முடிகிறது என்று கண் தேடும். அளவுக்குப் பக்கத்தில் சுத்தியலையும் சேர்த்து வரைந்துவிடுங்கள்.

அடுத்த கேள்வி, இது இருந்த இடத்திலேயே இருக்கும் பாறையா, மேலேயிருந்து உருண்டு வந்த கல்லா? ஒரு வீடு அளவு கல்கூட உருண்டு வந்திருக்கும். சுற்றிலும் உள்ள நாலைந்து பாறைகளின் சாய்வு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் விலகி நின்றால் சந்தேகப்படுங்கள். இந்த ஒரு கேள்வியைத் தவறவிட்டுத்தான் பல நல்ல படங்கள் கெட்டிருக்கின்றன.

இப்போது சுத்தியல். வெயிலும் மழையும் தின்ற மேல்தோலைப் பார்த்துப் பெயர் வைக்கக்கூடாது. ஓரத்தில் ஒரு சில்லை உடைத்து உள்முகத்தைப் பாருங்கள். அதுவும் பின்னால் வருகிறவர்களுக்கும் தேவைப்படும் அழகான முகப்பில் அடிக்காதீர்கள். உடைந்த முகத்தை ஒரு சொட்டுத் தண்ணீரில் நனைத்தால் கனிம மணிகள் பளிச்சென்று எழும். லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கல்லைக் கண்ணருகே கொண்டுவாருங்கள். பத்து மடங்கு லென்ஸில் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில்தான் உருவம் தெளியும். லென்ஸைக் கல்லின்மேல் வைத்துவிட்டுத் தூர நின்று எட்டிப் பார்க்கிறவரைப் பார்த்தால் புதியவர் என்று தெரிந்துவிடும்.

கத்தியால் கீறுங்கள். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் எஃகுக் கத்திக்குச் சுமார் ஐந்தரை. கால்சைட் 3, குவார்ட்ஸ் 7. இரண்டும் வெள்ளையாகத்தான் இருக்கும். கால்சைட்டில் கத்தி பள்ளம் போடும். குவார்ட்ஸில் கத்திதான் தேய்ந்து, சாம்பல் நிறத்தில் ஓர் இரும்புக் கோட்டை விட்டுச்செல்லும். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டு அமிலம். கால்சைட்டால் ஆன சுண்ணாம்புக்கல் சரசரவென்று நுரைக்கும். பார்க்க அதைப்போலவே இருக்கும் டோலமைட் அப்படியே வைத்தால் சும்மா இருக்கும், கத்தியால் சுரண்டிப் பொடியாக்கிவிட்டுச் சொட்டு விட்டால் மெதுவாக நுரைக்கும். அந்த மெல்லிய சத்தத்தைக் காதருகே வைத்துக் கேட்க எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

இனி சாய்வை அளக்க வேண்டும். களத்தில் ஸ்ட்ரைக், டிப் என்றுதான் சொல்வோம். ஒரு சிலேட்டைச் சாய்த்துத் தண்ணீர்த் தொட்டியில் பாதி அமிழ்த்துங்கள். சிலேட்டில் தண்ணீர்மட்டம் தொடும் கோடுதான் ஸ்ட்ரைக். சிலேட்டின் மேலே ஒரு சொட்டு விட்டால் அது நேரே எந்தப் பக்கம் இறங்குகிறதோ அது டிப்பின் திசை, கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்பது டிப்பின் அளவு. படத்தில் ஸ்ட்ரைக்குக்கு ஒரு நீண்ட கோடு, டிப் பக்கம் ஒரு குட்டைக் கோடு, பக்கத்தில் பாகை எண். ஒரே இடத்தில் மூன்று தடவை அளந்து பாருங்கள். பாறையின் முகம் மேடுபள்ளமாக இருந்தால் குறிப்பேட்டை அதன்மேல் வைத்து, அதன்மேல் அளவெடுக்கலாம்.

குறிப்பேட்டை வைத்து அளப்பதில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். என் இரண்டாவது களப்பருவத்தில் தாள்களைப் பிடித்துவைக்க இரும்புக் கிளிப் மாட்டிய அட்டையை எடுத்துப் போயிருந்தேன். காலையிலிருந்து மதியம்வரை 22 அளவுகள். மறுநாள் அதே ஓடையில் அட்டை இல்லாமல் அளந்தபோது, அதே அடுக்கு பதினைந்து பாகை திரும்பி நின்றது. முள்ளை இழுத்தது கிளிப். எந்தெந்த அளவை அட்டைமேல் வைத்து எடுத்தேன் என்று எழுதியிருக்கவில்லை, அதனால் 22-ஐயும் அடித்துவிட்டு இரண்டு நாள் திரும்ப நடந்தேன். சுத்தியல், பெல்ட் கொக்கி, வண்டி, மின்கம்பி எல்லாமே முள்ளை இழுக்கும். எப்படி அளந்தீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள்.

எழுதும் முறைக்கு வருகிறேன். எனக்குக் களம் பழக்கிய மூத்தவர் முதல் நாளே என் குறிப்பேட்டை வாங்கி நடுவில் திறந்து வைத்தார். “தம்பி, கண்ணு பாத்தது இந்தப் பக்கம். மனசு சொன்னது அந்தப் பக்கம். ரெண்டையும் கலந்துட்டா அப்புறம் உன்னாலேயே பிரிக்க முடியாது.” அன்றிலிருந்து இடப்பக்கத்தில் இட எண், ஜிபிஎஸ், மணியின் அளவு, நிறம், ஸ்ட்ரைக், டிப். வலப்பக்கத்தில் “இது ஆற்றுப்படிவு என்று நினைக்கிறேன், குறுக்கு அடுக்கு இருப்பதால்.” (குறுக்கு அடுக்கு என்றால் ஓர் அடுக்குக்குள்ளேயே சாய்வாகப் படிந்த மெல்லிய வரிகள்.) பத்து வருஷம் கழித்து வலப்பக்கம் தப்பாகிப்போனாலும் இடப்பக்கத்தை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். முழுக்கோடும் புள்ளிக்கோடும் பிறக்கிற இடம் இந்த இரண்டு பக்கங்கள்தான்.

அடுக்குகள் தலைகீழாகவும் கிடக்கும். மலை மடியும்போது பழைய அடுக்கு மேலே வந்துவிடும். எது மேல் என்று பாறையிடமே கேட்கலாம். ஒரே அடுக்குக்குள் கீழே பருமணலும் மேலே நுண்மணலுமாக இருந்தால் அது படிந்த வாக்கிலேயே இருக்கிறது. குறுக்கு அடுக்கின் வளைவுகள் கீழ்முனையில் படுத்து, மேல்முனையில் வெட்டுப்பட்டிருக்கும். சேற்று வெடிப்பு மேலே அகன்று கீழே கூராகும். இந்த மூன்றில் ஒன்றாவது கிடைக்கும்வரை எது இளையது, எது மூத்தது என்று எழுதாதீர்கள்.

மாதிரி எடுத்தால் எண்ணைக் கல்லிலும், பையிலும், குறிப்பேட்டிலும் மூன்று இடத்தில் எழுதுங்கள். ஆய்வகத்தில் அதை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும் சீவலாக்கி, முனைவாக்கிய (ஒரே தளத்தில் அதிரும்) ஒளியில் பார்ப்பார்கள். கறுத்த ஒரு கல்லுக்குள் அவ்வளவு நிறம் இருந்ததா என்று முதல் தடவை பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பார்கள்.

மாலை வேலை

அன்றன்றைக்கு வரைந்த பென்சில் கோட்டுக்கு அன்று மாலையே மை போடுங்கள். ஒரு நாள் தள்ளினால் பார்த்ததற்கும் நினைத்ததற்கும் நடுவே இருந்த வேலி மறைந்துபோகும்.

இரண்டு இடங்களுக்கு நடுவே எல்லையை எப்படிக் கொண்டுபோவது? இங்கே உயரக்கோடுகள் கைகொடுக்கும். கிடைமட்டமாகப் படுத்த அடுக்கின் எல்லை உயரக்கோட்டுடன் சேர்ந்தே ஓடும். செங்குத்தாக நிற்கும் அடுக்கு மேட்டையும் பள்ளத்தையும் மதிக்காமல் நேர்கோடாக வெட்டிக்கொண்டு போகும். சாய்ந்த அடுக்கு பள்ளத்தாக்கைக் கடக்கும்போது அம்புமுனைபோல வளையும், பெரும்பாலும் அந்த முனை காட்டும் பக்கம்தான் சாய்வு. மாணவர்கள் இதை மனப்பாடம் செய்வார்கள். ஒரு கிழங்கையோ களிமண் உருண்டையையோ சாய்வாக வெட்டி, மேலே ஒரு பள்ளம் கீறிப் பார்த்தால் மனப்பாடமே தேவைப்படாது.

படத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, அதன் வழியே நிலத்தைக் கத்தியால் வெட்டியதுபோல் குறுக்குவெட்டு வரையுங்கள். தப்பாகக் கொண்டுபோன எல்லை அங்கே காட்டிக்கொடுத்துவிடும், ஒரே அடுக்கு ஓரிடத்தில் 50 மீட்டரும் அடுத்த இடத்தில் 400 மீட்டருமாக வீங்கி நிற்கும். உண்மையிலேயே அப்படி வீங்கியிருக்கலாம், நடுவே பாறை முறிந்து நகர்ந்த ஒரு பிளவுப்பெயர்ச்சி இருக்கலாம், உங்கள் கோடும் தப்பாக இருக்கலாம். எதுவென்று பார்க்க மறுநாள் அங்கே போகவேண்டும்.

1815-இல் வில்லியம் ஸ்மித் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் நிலவியல் படம் வெளியிட்டார். கால்வாய் வெட்டுவதற்கு நிலம் அளந்துகொண்டிருந்தவர். வெட்டிய கரையில் அடுக்குகள் ஒரே வரிசையில் வருவதையும், ஒவ்வோர் அடுக்குக்கும் அதற்கே உரிய புதைபடிவங்கள் இருப்பதையும் கவனித்து, இரண்டரை மீட்டருக்கு மேல் உயரமுள்ள படத்தை ஏறக்குறைய தனியாளாக உருவாக்கினார். ஒரு மனிதரின் ஆயுள் ஒரு படத்துக்குத்தான் போதும் என்பது அதிலிருந்தே தெரிந்தது. 1835-இல் பிரிட்டனில் அரசு ஆய்வுத் துறை தொடங்கியது. 1851-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை வந்தது, முதல் தேவை நிலக்கரி. 1879-இல் அமெரிக்காவில். பின்னால் வருபவர் முன்னவரின் புள்ளிக்கோட்டை எடுத்துத் தொடர்வதற்காகத்தான் இப்படி ஒரு துறை வேண்டியிருக்கிறது.

ஊர் முன்னால்

படம் அச்சானதும் வேலை முடிந்தது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். என்னை மாற்றியது ஆர்மெரோ.

கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை 1984-இன் கடைசியில் விழித்துக்கொண்டது. அந்த நாட்டு நிலவியல் நிறுவனத்தில் அபாயப் படம் வரைந்தார்கள். 1985 அக்டோபரில் அது வெளியானது. சேற்றுவெள்ளம் வரக்கூடிய பகுதிக்குள் ஆர்மெரோ நகரம் இருந்தது. 1595-இலும் 1845-இலும் அதே பள்ளத்தாக்கில் சேறு இறங்கியிருந்தது, அந்தப் பழைய சேற்றின் மேல்தான் நகரமே நின்றது. நவம்பர் 13 இரவு எரிமலை வெடித்து உச்சிப் பனியை உருக்கியது. சேறு மலையிலிருந்து நகரத்தை எட்ட ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆனது. நடந்து ஏறிவிடக்கூடிய மேடு பக்கத்திலேயே இருந்தது. ஏறக்குறைய 23,000 பேர் இறந்தார்கள். படம் சரியாகத்தான் இருந்தது. அது அந்த மக்கள் கைக்கு, அவர்கள் நடக்கத் தொடங்கும் அளவுக்கு, போய்ச் சேரவில்லை.

எதிர்ப்புறம் சுமத்ராவுக்கு அருகே சிமெலூ தீவு. 1907-இல் அங்கே பெரிய ஆழிப்பேரலை வந்தது. அதைப் பார்த்தவர்கள் பிள்ளைகளுக்குப் பாட்டாகவும் கதையாகவும் சொல்லிவைத்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால் அது ‘ஸ்மாங்’, மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று அந்தத் தீவில் ஏறக்குறைய 78,000 பேர் இருந்தார்கள். இறந்தவர்கள் ஏழு பேர். அங்கே அபாயப் படம் எதுவும் வேலை செய்யவில்லை. ஒரு வாக்கியம் வேலை செய்தது.

அதனால் மக்களுக்குச் சொல்லப் போகும்போது நான் முதலில் எழுதுவது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். என்ன பார்த்தால், என்ன செய்யவேண்டும் என்று அதில் இருக்கவேண்டும். நிலச்சரிவு உள்ள மலைப்பகுதியில் இப்படிச் சொல்வேன்: “சரிவில் புது வெடிப்பு விழுந்தாலும், மரமும் கம்பமும் சாயத் தொடங்கினாலும், தெளிவாக வந்த ஊற்று கலங்கினாலும், சும்மா இருந்த கதவு திடீரென்று இறுகினாலும், மழை நிற்கட்டும் என்று காத்திராமல் பக்கவாட்டில் விலகிப் போங்கள்.” படம் அதற்கு அப்புறம். படத்தை விரித்ததும், அவர்கள் தினமும் நடக்கிற பாதையை விரலால் காட்டச் சொல்வேன். தங்கள் பாதையைக் கண்டுபிடித்தவர்கள் அப்புறம் படத்தை விடமாட்டார்கள்.

காலத்தைப் புரியவைக்க ஒரு கயிறு போதும். ஒரு கோடி வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமிக்கு 454 கோடி வயது, ஆகவே நாலு மீட்டர் 54 சென்டிமீட்டர் கயிறு. ஒரு முனையை ஒரு பிள்ளையிடமும் மறுமுனையை இன்னொரு பிள்ளையிடமும் கொடுங்கள். இன்றைய முனையிலிருந்து மூன்றரை மீட்டரில் ஒரு முடிச்சு, பாறையில் தடம் விட்ட மிகப் பழைய நுண்ணுயிர்கள். ஐம்பத்துநாலு சென்டிமீட்டரில் ஒரு முடிச்சு, கேம்பிரியன் காலத்தின் தொடக்கம், கெட்டியான ஓடுள்ள விலங்குகள் பெருகும் காலம். ஆறரை சென்டிமீட்டருக்குச் சற்று மேலே டைனோசர்கள் முடிந்தன. நம் மனித இனத்துக்கு மூன்று லட்சம் வருஷம், அதாவது 0.3 மில்லிமீட்டர். கயிற்றின் முனையில் பிரிந்து நிற்கும் ஒரு நூல். ஒரு தடவை அந்த முனையைப் பிடித்திருந்த சிறுமி நூலை நகத்தால் பிரித்துப் பார்த்து, “எங்க பாட்டி இதுல எங்க?” என்று கேட்டாள். அவளுக்கு லென்ஸைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தாள்.

அதே கயிற்றை வைத்து ‘இடைவெளி’யையும் காட்டலாம். ஸ்காட்லாந்தில் சிக்கார் பாயின்ட் என்ற கடற்கரையில், 1788-இல் ஜேம்ஸ் ஹட்டன் படகில் போய் இறங்கினார். ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும் சாம்பல் அடுக்குகளின் தலைமேல் சிவந்த மணற்கல் மெல்லச் சாய்ந்து படுத்திருந்தது. கீழுள்ளதற்குச் சுமார் 43.5 கோடி வருஷம், மேலுள்ளதற்குச் சுமார் 37 கோடி. கயிற்றில் ஆறரை சென்டிமீட்டர். அவ்வளவு காலத்துக்குள் கடலடிச் சேறு பாறையாகி, நிமிர்ந்து, மலையாகி, தேய்ந்து, அதன்மேல் புதிய மணல் படியத் தொடங்கியது. தேய்ந்துபோனதற்கு அங்கே ஒரு கோடுதான் சாட்சி. களநடைக்கு ஆட்களைக் கூட்டிப்போனால், உங்கள் பகுதியில் இப்படி ஓர் எல்லையைக் கையால் தொடக்கூடிய இடம் இருக்கிறதா என்று தேடிவையுங்கள். ஒரு கை மூத்த பாறையிலும் ஒரு கை இளைய பாறையிலும் வைத்து நின்றவர்கள் அதை மறப்பதில்லை. நடையில் இருபது பேருக்கு மேல் வேண்டாம், ஐந்து இடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். விளக்கம் சொல்லும் முன், “என்ன தெரியுது?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர்கள் இடப்பக்கத்தை நிரப்பட்டும், பிறகு நீங்கள் வலப்பக்கத்தைச் சொல்லலாம்.

எல்லாக் கூட்டத்திலும் ஒரு கேள்வி வரும்: அடுத்த நிலநடுக்கம் எப்போது? நாள் சொல்ல யாராலும் முடியாது, சொல்பவரை நம்பாதீர்கள் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அதோடு நிறுத்திவிட்டால் வெறுங்கையோடு அனுப்பியதாகிவிடும். எந்த மண் அதிகமாக ஆடும் என்று படம் சொல்லும். பாறைமேல் நிற்கும் கட்டடத்தைவிடத் தளர்ந்த வண்டல்மேல் நிற்பது அதிகம் ஆடும். ரிக்டர் என்று பழக்கத்தில் சொல்லும் அளவில் ஒரு படி கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு. தெரிந்ததைத் தயங்காமல் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். பயந்துபோய்க் கேட்பவரைச் சமாதானப்படுத்தப் புள்ளிக்கோட்டை முழுக்கோடாக்கிச் சொல்லும் ஆசை வரும். எனக்கும் வந்திருக்கிறது. அங்கேதான் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும்.

களநடையின் முடிவில் எல்லோரிடமும் ஒன்று கேட்டு அனுப்புவேன். உங்கள் நிலத்தில் கிணறோ ஆழ்துளையோ போட்டால், மீட்டருக்கு ஒரு பிடி தூளை எடுத்து, ஆழத்தை எழுதிக் கொண்டுவாருங்கள். பலர் கொண்டுவர மாட்டார்கள். ஒருவர் கொண்டுவந்தார். துளைபோடும் இயந்திரத்தில் வேலை செய்பவர், ஒரு நடைக்கு மகனோடு வந்திருந்தார். இருபத்தொரு பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் ஆழம் எழுதியிருந்தது. இடத்தைக் கேட்டதும் என் பழைய படத்தை விரித்தேன். என் முதல் படம், அந்தப் பள்ளத்தாக்கு, அந்த நாலு சென்டிமீட்டர். மேற்கே சுண்ணாம்புக்கல், கிழக்கே களிப்பாறை என்று போட்டிருந்தேன். அவர் துளையிட்டது என் புள்ளிக்கோட்டுக்குக் கிழக்கே முந்நூறு மீட்டரில்.

பதினாறு மீட்டர்வரை வண்டல். பதினேழாவது பொட்டலத்தில் அமிலத்தைச் சொட்டினேன். நுரைத்தது.

ஒரு பொட்டலத்தை வைத்து முடிவுகட்டக்கூடாது. வண்டலுக்குள் உருண்டு வந்த சுண்ணாம்புக்கல்லாகவும் இருக்கும். பதினெட்டு, பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று எல்லாவற்றிலும் சொட்டினேன். எல்லாம் நுரைத்தன. “அந்த ஆழத்துக்கு அப்புறம் பிட் எப்படிப் போச்சுண்ணே?” என்று கேட்டேன். “பதினாறு முடிஞ்சதும் சத்தமே மாறிடுச்சு சார். அதுக்கப்புறம் கடைசிவரைக்கும் ஒரே மாதிரிதான்” என்றார். அவர் சொன்னதை இடப்பக்கத்தில் எழுதினேன். பக்கத்துத் தோட்டங்களில் அவர் போட்ட இன்னும் இரண்டு துளைகளின் இடத்தையும் வாங்கிக்கொண்டேன். ஒன்றில் கீழே களிப்பாறை வந்ததாக நினைவு வைத்திருந்தார், அது இன்னும் கிழக்கே.

அடுத்த பதிப்பில் அந்தக் கோடு, சுண்ணாம்புக்கல் வந்த துளைக்கும் களிப்பாறை வந்த துளைக்கும் நடுவே, எட்டு மில்லிமீட்டர் கிழக்கே நகர்ந்தது. இப்போதும் புள்ளிக்கோடுதான்.